மழைக்கு ஒரு பழைய கேமரா: அவசர நிதியில் கை வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 31, மாதச் சம்பளக்காரன். மழைக்காலத்தில் காடு மலை என்று நடக்கப் போவது வழக்கம். போனில் படம் எடுத்து அலுத்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர் ஒலிம்பஸ் ஓஎம்-டி இ-எம்5 மார்க் 3 கேமராவை 14-42 ஈஇசட் லென்ஸோடு விற்கிறார். வெதர் சீல்டு, அதாவது மழையும் தூசியும் உள்ளே புகாமல் ரப்பர் வைத்து அடைத்தது என்கிறார். விலை என் மாதச் சம்பளத்தில் முக்கால் பங்கு. மூன்று மாதச் செலவுக்கான அவசர நிதி வைத்திருக்கிறேன். கிரெடிட் கார்டில் சம்பளத்தில் 30 சதவீதம் அளவுக்குப் பாக்கி இருக்கிறது. மாதம் 15 சதவீதம் மிச்சம் பிடிக்க முடியும். அவசர நிதியிலிருந்து எடுத்து இதை வாங்கலாமா, இல்லை இதற்கு அடுத்து வந்த மாடலான ஓஎம்-5 ஒன்றைப் புதிதாகத் தவணையில் எடுத்துவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் முழுதாகப் படியுங்கள்.

முதலில் அவர் சொன்ன அந்த 'வெதர் சீல்டு' விஷயம், ஏனென்றால் உங்கள் கணக்கே அங்கேதான் தப்புகிறது. இ-எம்5 மார்க் 3 பாடிக்கு (லென்ஸ் நீங்கலான கேமராவுக்கு) சீலிங் உண்டு, அது உண்மை. 14-42 ஈஇசட் லென்ஸுக்குக் கிடையாது. சட்டைப் பையில் போடலாம் போல தட்டையாக, 100 கிராம்கூட இல்லாத அழகான லென்ஸ்தான், ஆனால் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் கேமராவில் மாட்டும் மவுண்ட்டைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்காது. மழைத் தண்ணீருக்கு அதுவே வாசல். பாடி, லென்ஸ் இரண்டும் சீல் செய்யப்பட்டிருந்தால்தான் சீல் என்ற பேச்சே. விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவரவில்லை, அவருக்கே தெரியாமல் இருக்கலாம். இதில் பெயரை வைத்தும் முடிவு செய்ய முடியாது: அதே கம்பெனியின் 12-50 லென்ஸின் பெயரிலும் ஈஇசட் என்று இருக்கிறது, அதற்கு சீலிங் உண்டு!

ஆக நீங்கள் வாங்க நினைக்கிற பொருள் வேறு, அவர் விற்கிற பொருள் வேறு. உங்களுக்கு வேண்டியதன் விலையைப் போட்டுப் பார்ப்போம். சம்பளம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்பது 75. லென்ஸ் வேண்டாம், பாடி மட்டும் கொடுங்கள் என்று பேசினால் 65க்கு இறங்கலாம். சீல் உள்ள 12-45 எஃப்/4 ப்ரோ லென்ஸ் பழையதாக ஒரு 40 என்று வைப்போம். 254 கிராம்தான், இந்தச் சின்ன பாடிக்குப் பொருத்தமாக இருக்கும். இன்னொரு பேட்டரி, மெமரி கார்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைக்கக் காற்றுப் புகாத டப்பா எல்லாம் சேர்த்து 10. மொத்தம் 115. உங்கள் மனதில் இருந்தது 75. அவசர நிதியில் கை வைத்திருந்தால் 75 எடுத்து, முதல் மழையில் பயந்து கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து, ஒரு மாதம் கழித்து லென்ஸுக்காக மறுபடி 40 எடுத்திருப்பீர்கள். இப்படித்தான் நடக்கும், நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கார்டு பாக்கியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு ஓடுகிற வட்டியைவிட அதிகமாக உங்களுக்கு எந்தச் சேமிப்பும் சம்பாதித்துத் தராது. முதல் இரண்டு மாத மிச்சம் அங்கே போகட்டும், அந்த 30 பாக்கி அடைபட்டுவிடும்.

அப்புறம் மாதம் 15 வீதம் எட்டு மாதம் சேர்த்தால் 120. ஆக மொத்தம் பத்து மாதம். அதற்குள் இந்தக் கேமரா போய்விடுமே என்கிறீர்களா? போகட்டும். இது 2019இல் வந்த மாடல். 2022இல் ஓஎம்-5 வந்தது, 2025இல் அதற்கும் மார்க் 2 வந்துவிட்டது. புதியது வர வர பழையது சந்தைக்கு வந்துகொண்டே இருக்கும், விலையும் ஏறுவதைவிட இறங்கத்தான் வாய்ப்பு அதிகம். நிலமோ நகையோ என்றால் காத்திருப்பதற்குப் பயப்படலாம். எலக்ட்ரானிக்ஸில் காத்திருக்கிறவனுக்குத்தான் லாபம்.

பத்து மாதம் தாங்காது, வருகிற மழைக்கே கையில் வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது, உண்மையில் எனக்குப் பிடித்த வழியும் இதுதான். 2015இல் வந்த இ-எம்5 மார்க் 2. இதற்கும் சீலிங் உண்டு, கைநடுக்கத்தைச் சமாளிக்கிற ஸ்டெபிலைசேஷனும் பாடியிலேயே இருக்கிறது. மேலே சொன்ன 12-50 லென்ஸோடு சேர்த்தால் செலவு பாதிக்குப் பாதி குறையும்: பாடி 35, லென்ஸ் 12, மற்றது 8 என்று வைத்தால் 55. கார்டை அடைத்த பிறகு நாலே மாதம். குறை இல்லாமல் இல்லை. 20 மெகாபிக்சலுக்குப் பதில் 16, பறக்கிற பறவையைத் துரத்திப் பிடிக்கிற ஃபோகஸ் இதற்கு வராது, 12-50 லென்ஸ் நீளமானது, வெளிச்சம் குறைந்த காட்டுக்குள் திணறும். ஆனால் அருவி, பாறை, பனிமூட்டம், இலைமேல் உட்கார்ந்திருக்கிற பூச்சி என்று எடுப்பவருக்கு (அந்த லென்ஸில் மிக அருகில் போய் எடுக்கிற மேக்ரோவும் உண்டு) தாராளமாகப் போதும். மாடல் பழையது என்பதால் சர்வீஸும் உதிரிபாகமும் கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன்பே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஒலிம்பஸ் தன் கேமரா தொழிலைக் கைமாற்றிவிட்டு 2021இலிருந்து அது ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற தனிக் கம்பெனியாக நடக்கிறது, கேட்க வேண்டியது அவர்களிடம்.

தவணையில் புது ஓஎம்-5 ஏன் வேண்டாம் என்றால், மார்க் 3க்கும் அதற்கும் உள்ள ஒற்றுமை அப்படி. அதே 20 மெகாபிக்சல், அதே பேட்டரி. தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி53 தரச் சான்றும் சில மென்பொருள் வசதிகளும் கூடுதல். அந்த ஐபி53இல் வருகிற 3 என்பதுகூட மேலிருந்தும் சாய்வாகவும் விழும் சாரலுக்குத்தான், தண்ணீரில் முக்குவதற்கு அல்ல. வட்டியில்லாத் தவணை என்பார்கள். மொத்தப் பணம் கட்டினால் என்ன தள்ளுபடி, செயல்முறைக் கட்டணம் எவ்வளவு என்று இரண்டு கேள்வி கேளுங்கள், வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பழையதில் பெரிய விலைச்சரிவை முதல் ஆள் ஏற்கெனவே சுமந்துவிட்டார். 65க்கு வாங்கி இரண்டு வருடம் கழித்து 45க்கு விற்றால், மாதம் ஒன்றுக்கும் குறைவான வாடகையில் கேமரா வைத்திருந்த மாதிரி.

சரி, பார்க்கப் போகும்போது என்ன பார்ப்பது? ரப்பரைப் பாருங்கள். பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு பழைய சீல்டு கேமரா வாங்கினேன். ஒரு சாரலுக்கே செத்துப் போனது. பிறகு பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தால், ரப்பர் விளிம்பின் குறுக்கே ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. அதன் வழியாக உள்ளே இறங்கிய தண்ணீர் பித்தளைத் தகட்டில் பச்சையாகக் காய்ந்திருந்தது. அன்றிலிருந்து எந்தக் கேமராவை எடுத்தாலும் என் விரல் முதலில் போவது பேட்டரி மூடிக்குத்தான். மூடி, கார்டு கதவு, கேபிள் சொருகும் இடத்து மடல் எல்லாவற்றிலும் ரப்பர் மென்மையாக, வெடிப்பில்லாமல் இருக்க வேண்டும். அடிப்பக்கத் திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அப்படியானால் சீலிங்குக்கு விலை கொடுக்காதீர்கள். மார்க் 3இல் ட்ரைபாட் மாட்டும் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் விரிசல் விடுகிறது என்ற புகார் உண்டு, அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். லென்ஸுக்குள்ளும் அடியுங்கள், சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, திரும்பி வந்துவிடுங்கள். லென்ஸ் துளையை எஃப்/16 அளவுக்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தால் சென்சாரில் உள்ள தூசி எல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும், தூசி என்றால் துடைத்துக்கொள்ளலாம், அதைச் சொல்லிப் பேரம் பேசலாம். கேமரா ஆனில் இருக்கும்போது உள்ளே லேசாக 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தால் பயப்படாதீர்கள், ஸ்டெபிலைசேஷன் வேலை செய்கிறது. தண்ணீர் தெளித்துச் சோதிக்கிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.

தெரிந்தவர்தானே என்று விடாமல் சீரியல் எண், தேதி, தொகை போட்டு ஒரு ரசீது வாங்குங்கள், முடிந்தால் அவர் வாங்கியபோது கொடுத்த பில்லும். காப்பீடு எடுப்பதானால் அது கேட்பார்கள். சில பாலிசிகளில் பழைய பொருளே சேராது, சிலவற்றில் தண்ணீரால் வந்த சேதம் சேராது, கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டு வரியை மட்டுமாவது தேடிப் படித்துவிடுங்கள். சீல்டு என்று விளம்பரம் செய்தாலும் தண்ணீர் புகுந்த கேமராவைக் கம்பெனி உத்தரவாதத்தில் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் 115ஐவிட 55 எனக்குப் பிடித்திருக்கிறது. மழையில் போனாலும் போகட்டும் என்று நீங்கள் சொல்ல முடிகிற தொகை எதுவோ, அந்தக் கேமராவைத்தான் மழையில் வெளியே எடுப்பீர்கள்.

இப்போதைக்கு அந்தத் தெரிந்தவரிடம் பாடி மட்டும் தருவீர்களா, எவ்வளவுக்கு என்று கேட்டு வையுங்கள். 50க்கு ஒத்துக்கொண்டு நாலைந்து மாதம் பொறுப்பேன் என்றும் சொன்னால் எனக்கு எழுதுங்கள், மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.