நாயுடம்மா என்ன அம்மாவா? – வாசகர் கேள்வி பதில்

கே: சென்ற இதழில் விஞ்ஞானிகள் பட்டியலில் ‘டாக்டர் நாயுடம்மா’ என்று ஒரு பெயர் போட்டிருந்தீர்கள். யார் அந்த அம்மையார்? – வாசகி, வாணியம்பாடி

ப: அம்மையார் இல்லைங்க, ஆண். பெயரைப் பார்த்து ஏமாந்தவர்களில் நீங்கள் முதல் ஆளும் இல்லை, நானே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். யெலவர்த்தி நாயுடம்மா, 1922-ல் ஆந்திராவில் தெனாலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தொழில் வேதியியல், அமெரிக்காவில் லீஹை பல்கலைக்கழகத்தில் தோல் பற்றி டாக்டர் பட்டம், அப்புறம் சென்னை. அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு (சி.எல்.ஆர்.ஐ. என்றால்தான் பஸ் கண்டக்டருக்குப் புரியும்) 1958 முதல் 1971 வரை இயக்குநர். தோல் தொழிலுக்குப் பேர்போன வாணியம்பாடியில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் இதைக் கேட்பதுதான் கொஞ்சம் வருத்தம்!

கே: பையன் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, தோல் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறான். சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து எடுக்கிற வேலையில் என்ன பெரிய வேதியியல்? சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். – ஒரு தந்தை, திண்டுக்கல்

ப: சுளிக்கிறவர்களின் காலில் என்ன செருப்பு என்று முதலில் பாருங்கள்.

பச்சைத் தோலில் ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள், 65 டிகிரியைத் தாண்டும்போதே சுருண்டு ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனாலும் கொதிநிலை வரை வராது. குரோம், அதாவது குரோமிய உப்பு, கொண்டு பதனிட்டதைப் போட்டால், வேலை ஒழுங்காக நடந்திருக்கும் பட்சத்தில், அப்படியே கிடக்கும். குரோம் டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) இன்றைக்கும் இந்தச் சோதனையை வைத்துத்தான் தோல் ‘வெந்ததா’ இல்லையா என்று பார்க்கிறார்கள். தோலில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் இழைகளைக் குரோமியம் உள்ளே போய்க் குறுக்காகப் பிணைத்து வைப்பதால் வருகிற பலம் அது. பிணைப்பு எங்கே, எப்படி நடக்கிறது என்பதில்தான் நாயுடம்மா போன்றவர்கள் வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரி இருக்கிறது என்று 1954-ல் சொன்ன ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள்தான். அந்த ஆய்வுக்குக் கங்காரு வால் தசைநாண் கிடைத்தது பக்கத்திலிருந்த இதே தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து.

பையனை அனுப்புங்கள். நாற்றம் பழகிவிடும் என்கிறார்கள்.

கே: நல்ல ஆராய்ச்சியாளரைத் தூக்கி நிர்வாகத்தில் உட்கார வைத்தால் ஆராய்ச்சியும் போய் நிர்வாகமும் கெடும் என்கிறேன் நான். – வாசகர், ஈரோடு

ப: பல பேர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நாயுடம்மா 1971-ல் சி.எஸ்.ஐ.ஆர். என்ற அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுவின் தலைமை இயக்குநராகி, அதன் அத்தனை ஆய்வுக்கூடங்களையும் 1977 வரை பார்த்துக்கொண்டார், அதற்கப்புறம் கொஞ்ச காலம் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர். சி.எஸ்.ஐ.ஆருக்குப் போயும் அவருக்கு டேனரிக்காரர் புத்தி போகவில்லை என்பது என் கணிப்பு. ஆய்வுக்கூடத்தில் இருப்பது ஊருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று இப்போது தெலங்கானாவில் இருக்கிற கரீம்நகர் மாவட்டத்தையே எடுத்துக்கொண்டு விஞ்ஞானிகளை அங்கே இறக்கினார். எழுபதுகளில்தான் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலைக் கப்பலேற்றுவதற்கு அரசு கட்டுப்பாடு போட்டு, முழுசாக முடித்த தோலாக, செருப்பாக, பையாக விற்கச் சொன்னது. அப்படி விற்பதற்கு வேண்டிய கைநுட்பமும் ஆளும் இங்கே இருந்ததில் அடையாறு நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் ஆய்வுக்கட்டுரை மட்டுமே எழுதிக்கொண்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

கே: நாயுடம்மா எப்போது காலமானார்? – மாணவி, திருச்சி

ப: 1985 ஜூன் 23. அயர்லாந்துக்கு அருகே வானத்தில் குண்டு வெடித்துக் கடலில் விழுந்ததே ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம், அதில் இறந்த 329 பேரில் ஒருவர். கனடாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார், வயது 62.

கே: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் போட்டிருப்பது எந்தத் தோல் செருப்பு? – அதே ஈரோடு வாசகர்

ப: ரப்பர். மழைக்காலம் சார்.