லேபிள் தெரியாத மேசையில் உள்ளூர் ஒயினும் வெளிநாட்டு ஒயினும்

வாசகர் கேள்வி: நண்பர் ஒருவர் பிளைண்ட் டேஸ்டிங்குக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஆறு உள்ளூர் ஒயின், ஆறு வெளிநாட்டு ஒயின். பன்னிரண்டையும் லேபிள் தெரியாமல் ருசித்து மதிப்பெண் போட வேண்டுமாம். எப்போதாவது ஒரு கிளாஸ் குடிப்பதோடு சரி, ஒயின் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது. எது உள்ளூர், எது வெளிநாடு என்று சொல்லத் தெரியாமல் அசடு வழியப் போகிறேனோ என்று பயமாக இருக்கிறது. எப்படித் தயாராவது? கடைசியில் வரும் முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதில்: தாராளமாகப் போங்கள். எது உள்ளூர் என்று கண்டுபிடிக்கும் வேலையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பாட்டிலைப் பையில் போட்டு மறைப்பதே, அது எங்கிருந்து வந்தது என்ற எண்ணம் உங்கள் நாக்கில் தலையிடக் கூடாது என்பதற்காகத்தான். கிளாஸைக் கையில் எடுத்ததும் “இது வெளிநாடாகத்தான் இருக்கும்” என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டால், லேபிளை நீங்களே எழுதி ஒட்டிக்கொண்டது போலத்தான். அதற்குப் பிறகு நீங்கள் போடும் மதிப்பெண் அந்த ஊகத்துக்குப் போகுமே தவிர ஒயினுக்குப் போகாது.

இந்தப் பொறியில் கரைகண்டவர்களே விழுந்திருக்கிறார்கள். 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஒயின் வணிகர் ஒரு பிளைண்ட் டேஸ்டிங் வைத்தார். பத்து வெள்ளை ஒயின், பத்துச் சிவப்பு ஒயின். ஒவ்வொரு பத்திலும் ஆறு கலிபோர்னியா, நான்கு பிரான்ஸ். ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள், எல்லோரும் துறையில் பெரிய தலைகள். நடுவில் ஒரு நடுவர், பிரான்ஸின் பேர்போன வெள்ளை ஒயின் ஒன்றை முகர்ந்துவிட்டு, மணமே இல்லை, இது கலிபோர்னியாதான் என்று அடித்துச் சொன்னார். இன்னொருவர் கலிபோர்னியா ஒயினை வாயில் வைத்துவிட்டு, அப்பாடா, பிரான்ஸுக்குத் திரும்பிவிட்டோம் என்று பூரித்தார். வெள்ளையில் முதலிடம் ஷாத்தோ மான்டெலீனாவுக்கு, சிவப்பில் முதலிடம் ஸ்டாக்ஸ் லீப் வைன் செல்லர்ஸுக்கு. இரண்டுமே கலிபோர்னியாவின் 1973ஆம் ஆண்டு ஒயின்கள்.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. சிவப்பு ஒயின்கள் வருவதற்கு முன்பே வெள்ளையின் முடிவை ஸ்பரியர் அறிவித்துவிட்டார். கலிபோர்னியா ஜெயித்துவிட்டது என்று தெரிந்த பிறகு சில நடுவர்கள், எது அமெரிக்க ஒயின் என்று மோப்பம் பிடிப்பதில் இறங்கினார்கள் என்று அங்கிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படியும் சறுக்கினார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் நாடு மனதில் ஏறிவிட்டால் தேர்ந்த நாக்குகூடத் தன் வேலையை விட்டுவிட்டு உளவு பார்க்கக் கிளம்பிவிடுகிறது. உங்கள் நண்பரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பன்னிரண்டும் முடியும்வரை எந்த முடிவையும் வெளியே விடக் கூடாது.

கண்ணும் காதும் நாக்கை எவ்வளவு ஆட்டிவைக்கும் என்பதற்கு ஆய்வுகளும் இருக்கின்றன. பிரான்ஸின் போர்டோ நகரில் நடந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், ஒயின் தயாரிப்பு படிக்கும் 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினை வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய சொற்களை வைத்தே அதன் மணத்தை வர்ணித்தார்கள். 2008இல் வந்த இன்னொரு ஆய்வில், ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் மறுமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, விலை கூடச் சொன்னதே பிடித்திருக்கிறது என்றார்கள். மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில், இன்பத்தை உணரும் பகுதியும் அதற்கேற்ப அதிகமாகவே வேலை செய்தது. அதாவது அவர்கள் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே கூடுதலாக ரசித்திருக்கிறார்கள். “வெளிநாடு” என்ற எண்ணமும் இதே வேலையைச் செய்யக்கூடியது. சிலருக்கு “நம்ம ஊர்” என்ற பாசம் எதிர்ப்பக்கமாக இழுக்கும். இரண்டும் ஒரே நோய்தான்.

சரி, தயாரிப்புக்கு வருவோம். அன்றைக்கு சென்ட் பூசாதீர்கள். இதில் கெடுவது உங்கள் மூக்கு மட்டுமில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே ருசிப்பார். போவதற்குச் சற்று முன் காபி, புகை, பல் துலக்குதல் மூன்றும் வேண்டாம். பற்பசைக்குப் பிறகு எந்த ஒயினும் கசந்து வழியும். சளி பிடித்திருந்தால் போகாமலிருப்பதே நல்லது, ஏனென்றால் ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். வண்டியைக் கண்டிப்பாக எடுக்காதீர்கள். கிளாஸுக்கு 50 மில்லி ஊற்றினால் பன்னிரண்டுக்கு 600 மில்லி ஆகிறது. ஒரு முழு பாட்டிலே 750 மில்லிதான்.

அதனால்தான் துப்பச் சொல்கிறார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு இது கூச்சமாக இருக்கும். துறையில் இருப்பவர்கள் யாரும் இதை அநாகரிகமாக நினைப்பதில்லை, மேசையில் அதற்கென்றே பாத்திரம் இருக்கும். விழுங்கிக்கொண்டே போனால் ஏழாவது கிளாஸுக்கு மேல் எல்லா ஒயினும் நண்பனாகிவிடும், மதிப்பெண் தாராளமாகக் கொட்டும். துப்பினாலும் கொஞ்சம் ஆல்கஹால் உள்ளே போகத்தான் செய்யும், வண்டி விஷயத்தில் மனம் மாற வேண்டாம்.

மேசையில் உட்கார்ந்ததும் குடிக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் எல்லாக் கிளாஸையும் வரிசையாக முகர்ந்து பாருங்கள், ஒரு வாய்கூட எடுக்காமல். மூக்கு புத்துணர்ச்சியோடு இருப்பது அந்த முதல் சில நிமிடங்கள்தான். பிடித்தது, பிடிக்காதது, புரியாதது என்று எண்ணுக்கு நேரே ஒரு குறி போட்டு வையுங்கள். அதற்குப் பிறகு ருசியுங்கள். ஒரு வாய் எடுத்து, வாய் முழுக்கச் சுழற்றி, கொஞ்சம் காற்றை உள்ளிழுத்து, துப்பிவிட்டுக் காத்திருங்கள். புளிப்பு எச்சில் ஊற வைக்கும். துவர்ப்பு ஈறையும் கன்னத்தையும் இழுத்துப் பிடிக்கும். ஆல்கஹால் தொண்டையில் சூடாகத் தெரியும். இந்த மூன்றில் ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறதா, எல்லாம் கூடி ஒன்றாகிறதா? துப்பிய பிறகு ருசி எவ்வளவு நேரம் தங்குகிறது, தங்குவது நல்ல ருசியா? தொடக்கக்காரருக்கு இந்த இரண்டு கேள்வி போதும். பழத்தோட்டத்தையே பட்டியல் போடும் வர்ணனைகளெல்லாம் தேவையே இல்லை. “ஈரத் துணி வாசம்”, “ஊறுகாய் போட்ட ஜாடி” என்று உங்களுக்குத் தோன்றுவதை அப்படியே எழுதுங்கள். உண்மையில் அந்த முதல் குறிப்பை நான் பார்த்தால் காதைத் தீட்டிக்கொள்வேன், காரணம் கீழே வருகிறது.

துவர்ப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல டேஸ்டிங்குகள் நியாயமில்லாமல் போவது இதனால்தான். சிவப்பு ஒயினில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. எச்சிலின் வழவழப்பு போய்விடுவதால் வாய் உலர்ந்து இழுக்கிறது. அடுத்தடுத்துக் குடிக்கக் குடிக்க இது கூடிக்கொண்டே போகும், எச்சில் மறுபடி ஊற அவகாசம் வேண்டும். ஆக, கடைசியில் வரும் சிவப்பு ஒயின் தன் குற்றத்தோடு முன்னால் போனவர்களின் குற்றத்தையும் சுமக்கிறது. தண்ணீர் குடியுங்கள், வெறும் ரொட்டித் துண்டு ஒன்று மெல்லுங்கள், ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் வரிசையைத் திருப்பிப்போட்டு, கடைசிக் கிளாஸிலிருந்து முதலுக்கு வாருங்கள். முதல் சுற்றில் பதினொன்றாவதாக வந்து வெறுப்பேற்றிய ஒயின், இரண்டாவதாக வரும்போது நல்ல பிள்ளையாகத் தெரிவது சகஜம். பன்னிரண்டையும் ஒரே மூச்சில் வைக்காமல் ஆறு ஆறாகப் பிரித்து நடுவில் ஓய்வு விடச் சொன்னால் இன்னும் நல்லது. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வரிசையில் ஊற்றினால் ரொம்பவே நல்லது.

ருசிக்கும்போது பேசாதீர்கள். முகபாவமும் பேச்சுதான். மேசையில் குரல் பெரிதாக உள்ள ஒருவர் “ம்ஹூம்” என்றால் போதும், எட்டுப் பேர் மதிப்பெண்ணைக் கீழே இறக்கிவிடுவார்கள்.

அந்த ஈரத் துணி விஷயம். ஒயினிலிருந்து, நனைந்த அட்டை, பூஞ்சை பிடித்த நிலவறை மாதிரி வாசம் வந்து பழ மணம் செத்துக் கிடந்தால், டிசிஏ என்ற சேர்மத்தின் வேலையாக இருக்கலாம். பெரும்பாலும் கார்க்கிலிருந்து வருவது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். அந்த பாட்டில் கெட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அதை வைத்துத் தயாரிப்பாளருக்கோ நாட்டுக்கோ மதிப்பெண் குறைப்பது அநியாயம். நடத்துகிறவரை அழைத்துக் காதோடு சொல்லுங்கள். நல்ல ஏற்பாட்டாளர் ஒவ்வொன்றிலும் மாற்று பாட்டில் ஒன்று வைத்திருப்பார்.

மதிப்பெண் எப்படிப் போடுவது? 100க்கு 87ஆ 88ஆ என்று குழம்ப வேண்டாம். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை உங்களுக்குப் பிடித்த வரிசையில் அடுக்குங்கள். நடுவில் உள்ளவை ஒன்றுக்கொன்று இடம் மாறினாலும் பாதகமில்லை, மேலே இரண்டும் கீழே இரண்டும் உறுதியாக இருந்தால் போதும். நாடு எது என்று ஊகித்தே ஆக வேண்டும் என்று விளையாட்டு வைத்திருந்தால், தரவரிசையை எழுதிக் கொடுத்த பிறகு தனித்தாளில் எழுதுங்கள். ஊகம் தப்பாகப் போனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிளாஸில் தெரிவது பெரும்பாலும் தட்பவெப்பம்தான், எல்லைக்கோடு இல்லை. வெயில் அதிகமுள்ள இடத்துத் திராட்சையில் சர்க்கரை கூடும், ஆல்கஹால் ஏறும், புளிப்பு இறங்கும். குளிர்ப் பகுதியில் தலைகீழ். ஆனால் உயரமான மலைச்சரிவு, சீக்கிர அறுவடை, புளிப்பைக் கூட்டத் தயாரிப்பில் சேர்க்கும் டார்டாரிக் அமிலம் என்று இந்தக் கணக்கைக் கலைக்க நிறைய வழி உண்டு.

இனி, முடிவை நம்பலாமா என்ற கேள்வி. பாதி பதில் ஒயின் வாங்கிய நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. நண்பரிடம் கேளுங்கள்: பன்னிரண்டும் ஒரே திராட்சை வகையா? விலை ஒரே மட்டமா? அறுவடை ஆண்டு பக்கம் பக்கமாக உள்ளதா? உள்ளூரின் ஆகச்சிறந்த ஆறையும், கைக்குக் கிடைத்த ஏதோ ஆறு வெளிநாட்டு ஒயினையும் மோதவிட்டால் முடிவு முன்பே எழுதியாகிவிட்டது. வயதும் முக்கியம். சில சிவப்பு ஒயின்கள் இளமையில் முரடாக இருந்து வருடங்கள் கழித்தே இளகும். 1976க்குப் பிறகு பிரெஞ்சுத் தரப்பு சொன்ன சமாதானமும் இதுதான்: எங்கள் ஒயினுக்கு இன்னும் வயதாகவில்லை. 30 ஆண்டுகள் கழித்து 2006இல் அதே சிவப்பு ஒயின்களை மறுபடி ருசித்தார்கள். முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கே போனது. சமாதானம் அந்த முறை எடுபடவில்லை, ஆனால் கேள்வி நியாயமானது.

வெப்பநிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். வெள்ளைக்கு 8 முதல் 12 டிகிரி, சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் என்பது வழக்கம். அதிகம் குளிர்ந்தால் மணம் ஒடுங்கி, துவர்ப்பு முள்ளாகும். சூடானால் ஆல்கஹால் மூக்கில் ஏறும். மறைப்பு நிஜமாகவே மறைக்கிறதா என்றும் பாருங்கள். பாட்டிலின் தோள் வடிவம், கனம், திருகு மூடி எல்லாமே காட்டிக்கொடுக்கும். வேறொருவர் உள்ளே ஊற்றி, எண் போட்ட கிளாஸை மட்டும் வெளியே கொண்டுவருவதே உத்தமம்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் மனித நாக்கு தராசு இல்லை. கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் நடுவர்களுக்கு ஒரே பாட்டிலிலிருந்து மூன்று கிளாஸ் ஊற்றி, மற்றவற்றோடு கலந்து கொடுத்துப் பார்த்த ராபர்ட் ஹாட்ஜ்சனின் ஆய்வு 2008இல் வந்தது. மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே தரத்தைக் கொடுத்தவர்கள் பத்தில் ஒருவர்தான். உங்கள் நண்பருக்குத் துணிச்சல் இருந்தால் இதைச் செய்யச் சொல்லுங்கள்: பன்னிரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு, இன்னொன்றையே இரண்டு எண்ணில் ஊற்றட்டும். அந்த இரண்டும் தரவரிசையில் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பார்த்தால், அந்த மேசையின் தள்ளாட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதைவிடச் சின்ன வித்தியாசம் எதையும் வெற்றி என்று கொண்டாட வேண்டாம். பாரிஸில்கூட சிவப்பில் முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே, ஒன்பது பேரின் மொத்த மதிப்பெண் 180இல், 1.5 மட்டுமே இடைவெளி.

அன்றைக்கு ஆறு உள்ளூர் ஒயினில் நான்கு மேல்பாதியில் வந்தால், இந்த நான்கு ஒயினும் இந்த மேசையில் பிடித்திருந்தன என்று சொல்லலாம். எங்கள் ஊர் ஒயின் உலகத்தையே வென்றது என்று சொல்ல முடியாது. மேலும் கீழுமாகக் கலந்து வந்தால், நாட்டை வைத்து வாங்குவது வீண் என்று தெரிந்துகொண்டீர்கள், அதுவும் உபயோகமான முடிவுதான்.

பையை அவிழ்க்கும்போது பென்சிலை மேசையில் வைத்துவிடுங்கள், எழுதியதைத் திருத்த வேண்டாம். மேலே வைத்த இரண்டின் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் மிச்சம் இருந்தால், லேபிளைப் பார்த்தபடியே ஒரு வாய் மறுபடி ருசித்து, ருசி மாறுகிறதா என்று பாருங்கள். அப்புறம், கீழே தள்ளிய இரண்டையும் ஏதாவது சாப்பாட்டோடு இன்னொரு முறை சோதியுங்கள்; தனியாகக் குடித்தால் புளிக்கும் ஒயின், சாப்பாட்டோடு சேரும்போது பல நேரம் சரியாகிவிடும்.