மகளை அனுப்புங்கள், நகையை அடகு வைக்காதீர்கள்

வணக்கம் அம்மா,

போன வியாழக்கிழமை நீங்கள் என் மேசையில் விரித்து வைத்த, மாணவர் பரிமாற்றம் பற்றிய பாடசாலைக் கடிதம் எட்டாக மடிக்கப்பட்டிருந்தது. மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து அழியத் தொடங்கியிருந்தது. எத்தனை முறை அதை எடுத்து வாசித்திருப்பீர்கள் என்று சொல்லாமலே விளங்கியது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பதினாறு வயது மகள். செப்டெம்பரில் இரண்டு வாரம் ஜேர்மனி. அங்குள்ள இணைப் பாடசாலை மாணவி ஒருத்தியின் வீட்டில் தங்குதல். அடுத்த ஆண்டு ஓகஸ்டில் அந்த மாணவி திருகோணமலைக்கு வந்து உங்கள் வீட்டில் தங்குவாள். அன்று வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அரைகுறையாகவே பதில் சொன்னேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

என் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அனுப்புங்கள். ஆனால் நகையை அடகு வைத்து அனுப்பாதீர்கள்.

பரிமாற்றம் என்றால் கொடுத்து வாங்குவது. உங்கள் மகளுக்கு அங்கே சோறும் படுக்கையும் அந்தக் குடும்பம் தரும். அவர்களுடைய மகளுக்கு இங்கே நீங்கள் தருவீர்கள். ஆகவே உங்கள் கையிலிருந்து போக வேண்டியவை விமான டிக்கெட், வீசாக் கட்டணம், காப்புறுதி, கைச்செலவு ஆகியவைதான். தங்குமிடம், சாப்பாடு, சுற்றிப் பார்ப்பது எல்லாம் சேர்த்து இவ்வளவு என்று ஒரே பெரிய தொகையாகக் கேட்டால் அது சுற்றுலா வியாபாரம். கணக்கைத் தனித்தனியாக எழுத்தில் தரச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அது பெற்றோரின் உரிமை. பணம் போதாவிட்டால் அதிபரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய மாணவர்கள் கை கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் சரிவராவிட்டால் இந்த முறை விட்டுவிடலாம். நீங்கள் அடகு வைக்க நினைக்கும் காப்பும் சங்கிலியும் அவளுடைய பல்கலைக்கழக வருடங்களுக்குத் தேவைப்படும்.

இந்தப் பயணம் பல்கலைக்கழகம் கிடைக்க உதவுமா என்று கேட்டீர்கள். நம் நாட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்கு உதவாது. அது உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகளை ஒப்பிடக் கணிக்கும் இசட் புள்ளியில் நடக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் தகுதி அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்தப் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது. இந்தக் கணக்கில் ஜேர்மனிச் சான்றிதழுக்கு ஒரு புள்ளியும் கிடையாது. அதே நேரம் பயணத்தால் படிப்பு கெட்டுவிடும் என்ற பயமும் வேண்டாம். உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை வழியாகத் தோற்ற 80 வீத வரவு வேண்டும். பத்துப் பாடசாலை நாட்கள் அதைக் குலைத்துவிடாது. ரியூசனில் தவறும் பாடங்களுக்கு ஒரு தோழியின் கொப்பி போதும். தரம் 13இல் இந்தக் கடிதம் வந்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

பிறகு எதற்காகப் போக வேண்டும்? சில வருடங்களுக்கு முன் நம் திருகோணமலைச் சீனக்குடாவைச் சேர்ந்த பையன் ஒருவன் இப்படி ஹம்பேர்க் போனான். அதுவும் துறைமுக நகரம். தங்கியிருந்த வீட்டுப் பையன் ஒரு நாள் இரவு கணினியில் நம் ஊரின் செய்மதிப் படத்தைத் திறந்து, காட்டுக்குள் வட்டம் வட்டமாகத் தெரிந்தவற்றைக் காட்டி, இவை என்ன என்று கேட்டிருக்கிறான். எண்ணெய்த் தாங்கிகள் என்று இவன் சொல்லிவிட்டான். யார் கட்டினார்கள், ஏன் இத்தனை என்று அடுத்த கேள்வி வந்தது. தினமும் அந்த வழியாகப் பாடசாலைக்குப் போய் வந்தவனிடம் அதற்குப் பதில் இல்லை.

ஊருக்கு வந்ததும் பையைக்கூடத் திறக்காமல் தாத்தாவிடம் போய் உட்கார்ந்தானாம். பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டியவை, 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட கதை, இன்று எஞ்சியிருக்கும் தொண்ணூற்றொன்பது தாங்கிகள் என்று தாத்தா சொன்னதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி அந்த நண்பனுக்கு அனுப்பினான். கேட்கக் கேட்க எழுதினான். இன்று கொழும்பில் கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறான். நேர்முகத் தேர்வில் அந்தச் சான்றிதழை யாரும் புரட்டவில்லை. திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசு என்றார்கள். பத்து நிமிடம் தடுமாறாமல் பேசினான்.

உங்கள் மகளிடம் நான் எதிர்பார்ப்பதும் இதைத்தான். போவதற்கு முன் இரண்டு மூன்று விடயங்களை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகட்டும். உயிரியல் மாணவிக்கு நம் ஊரில் பஞ்சமா? புறாத்தீவின் பவளப்பாறைகள் இருக்கின்றன, அது 2003 முதல் தேசியப் பூங்கா. கோட்டை வாசலிலும் கடைத்தெருவிலும் திரிந்து பொலித்தீன் பையைத் தின்னும் புள்ளிமான்கள் இருக்கின்றன. கன்னியா வெந்நீர் ஊற்றின் ஏழு கிணறுகளில் நீர் ஏன் சூடாக இருக்கிறது, ஒன்றுக்கொன்று சூடு ஏன் மாறுகிறது என்று ஒரு வெப்பமானியோடு போய் அளந்து எழுதட்டும். அங்கே காட்டுவதற்குக் கையில் அவளுடைய சொந்த வேலை ஒன்று இருக்கும்.

இனி, நீங்கள் குரலைத் தாழ்த்திச் சொன்ன விடயம். ஜேர்மனியின் ஹாம் நகரில் இருக்கும் சித்தப்பா, தான் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய் அங்குள்ள காமாட்சி அம்பாள் கோயிலையும் காட்டுவதாகவும், 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்றும் சொன்னாராம். அம்மா, அந்தப் 'பிறகு' என்ற சொல்லுக்கு இடம் கொடுக்காதீர்கள். ஜேர்மனி உட்பட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான குறுகியகால ஷெங்கன் வீசா 180 நாட்களுக்குள் அதிகபட்சம் 90 நாட்கள் தங்குவதற்கு. இவளுக்கு அதிலும் பயணக் காலம் மட்டுமே கிடைக்கலாம். அதை மீறி ஒரு பிள்ளை தங்கிவிட்டால் அவள் பிறகு முறையாகப் படிக்கப் போகும் வழி அடைபடும். அடுத்த வருடம் போகக் காத்திருக்கும் பிள்ளைகளின் வழியும் அதோடு சேர்ந்து அடைபடும். சித்தப்பா பாசத்தில்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கட்டும், பொறுப்பாசிரியருக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டு. இரவில் மகள் அந்தக் குடும்பத்தின் வீட்டிலேயே இருக்க வேண்டும்.

ஒப்பமிடுவதற்கு முன் பாடசாலையில் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. பெண் ஆசிரியை ஒருவர் கூடப் போகிறாரா? அந்தக் குடும்பத்தை அங்குள்ள பாடசாலை நேரில் போய்ப் பார்த்ததா? மகளுக்கு அந்த வீடு ஒத்துவராவிட்டால் எத்தனை மணித்தியாலத்தில் வேறு வீட்டுக்கு மாற்றுவார்கள்? இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் பாடசாலையை நம்பலாம். கல்வி அமைச்சின் அனுமதிக் கடிதத்தையும் கண்ணால் பாருங்கள்.

கடவுச்சீட்டுக்குப் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகம் வரை போக வேண்டியதில்லை, வவுனியாக் கிளை நமக்குக் கிட்ட. வீசாவுக்குக் கைவிரல் அடையாளம் எடுப்பதால் மகள் நேரில் கொழும்பு போகவேண்டும். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அவள் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவள் என்பதால் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும். கணவர் கட்டாரில் இருக்கிறார் அல்லவா? அவர் சம்மதக் கடிதத்தில் எங்கே, யார் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும் என்பதை இந்த வாரமே விசாரியுங்கள். தாமதமாவது பெரும்பாலும் இந்த ஒரு தாளால்தான்.

சாப்பாட்டைப் பற்றியும் அழாக்குறையாகக் கேட்டீர்கள். பல வீடுகளில் இரவுக்கு அடுப்பு மூட்டமாட்டார்கள். பாணும் பாலாடைக்கட்டியும் வெட்டிய வெள்ளரிக்காயும் மேசைக்கு வரும். செவ்வாய், வெள்ளி மரக்கறி என்றால் அதை இப்போதே படிவத்தில் எழுதிவிடுங்கள். மரக்கறிக்காரருக்கு அங்கே பஞ்சம் இல்லை. பசித்தால் பசிக்கிறது என்று வாய் திறந்து கேட்க மட்டும் அவளைப் பழக்குங்கள். நம் பிள்ளைகள் விருந்து வீட்டில் போதும், போதும் என்று சொல்லியே பழகியவர்கள்.

அந்தப் பிள்ளை இங்கே வரும்போது வீடு சிறியது, கிணற்றில்தான் குளிக்க வேண்டும் என்று வெட்கப்பட்டீர்கள். முன்பு உப்புவெளியில் ஒரு வீட்டில் தங்கிய மாணவி முதல் நாள் துலாவைப் பார்த்து மிரண்டாள். மூன்றாம் நாள் காலையில் அந்த வீட்டு அம்மம்மாவுக்கும் சேர்த்து இரண்டு வாளி தண்ணீர் இறைத்து வைத்திருந்தாள். அறைக் கதவுக்கு நல்லதொரு தாழ்ப்பாள், கொதித்தாறிய தண்ணீர், ஒரு நுளம்பு வலை. இவை போதும், புது நிறப்பூச்சு வேண்டாம்.

மகளோடு பேசும் நேரத்தையும் இப்போதே பேசிவையுங்கள். செப்டெம்பரில் ஜேர்மனி நம்மைவிட மூன்றரை மணித்தியாலம் பிந்தியிருக்கும். அவள் இரவு ஒன்பதுக்கு அழைத்தால் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை, நீங்கள் திடுக்கிட்டு எழுவீர்கள். நம் மாலை ஆறரை அங்கே பிற்பகல் மூன்று மணி, அநேகமாகப் பாடசாலை விட்டிருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்து நிமிடம் பேசினால் போதும். அந்தக் கடிதத்தையும் கணக்கையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலை மகளோடு வாருங்கள். படிவத்தை மூவரும் உட்கார்ந்து நிரப்புவோம்.