டேனரி டிரம்முக்கு டிஜிட்டல் ட்வின்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ராணிப்பேட்டை சிப்காட்டில் பதினெட்டு வருஷமாக இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலை பார்க்கிறேன். டேனரி டிரம்முக்கும் (தோலை ரசாயன நீரில் போட்டுச் சுழற்றிப் பதனிடும் பீப்பாய்) கழிவுநீர் ஆலைக்கும் டிஜிட்டல் ட்வின், அதாவது மெஷினோடு சேர்ந்து ஓடும் கம்ப்யூட்டர் கணக்கு, அமைத்திருக்கிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் இங்கே.

ஆம்பூர்: டிரம்மை கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படமாகக் காட்டுவதுதானே ட்வின்?

இல்லை சார். படம் அப்படியே நிற்கும், ட்வின் உங்கள் டிரம்மோடு சேர்ந்து ஓடும். வெப்பம், பிஎச் (அமில அளவு), மோட்டார் ஆம்பியர் எல்லாம் தானாக வந்துகொண்டே இருக்கும். அதை வைத்து அடுத்த ஒரு மணி நேரத்தில் உள்ளே என்ன நடக்கும் என்று ட்வின் கணக்குப் போடும். நீங்களே கையால் எண்களைப் போட்டால் அது வெறும் மாடல். எண்கள் தானாக வருகின்றன, ஆனால் மெஷினுக்குத் திரும்ப எதுவும் போவதில்லை என்றால் அதை நிழல் என்பார்கள். இரண்டு பக்கமும் போக்குவரத்து இருந்தால்தான் ட்வின். 2002-ல் அமெரிக்காவில் மைக்கேல் கிரீவ்ஸ் இந்த யோசனையை முன்வைத்தார், பெயர் வைத்தவர் நாசாவின் ஜான் விக்கர்ஸ். உற்பத்தித் துறைக்கென்று ஐஎஸ்ஓ 23247 வந்தது 2021-ல்.

டேனரிக்கு முதலில் நிழலே போதும், பேச்சுவழக்கில் கீழே அதையும் ட்வின் என்றே சொல்கிறேன். ஆனால் பிஎச் ப்ரோபை (தண்ணீரில் முக்கி அளக்கும் கருவி) 4, 7 என்று பிஎச் முன்பே தெரிந்த பஃபர் திரவம் இரண்டிலும் முக்கி, சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்காமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

வாலாஜாபேட்டை: எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

இப்போது எதுவும் வாங்க வேண்டாம். ஒரே ஒரு டிரம்மை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெப்ப சென்சார், ஒரு பிஎச் ப்ரோப், கம்ப்யூட்டருக்கு எண்களை அனுப்பும் ஆர்எஸ்-485 இணைப்பு உள்ள ஒரு எனர்ஜி மீட்டர் போதும். மூன்று மாதம் எண்களைச் சேருங்கள்.

மேல்விஷாரம்: பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்ஓ மெம்பரேனுக்கு (உப்பைப் பிரிக்கும் சவ்வு) ட்வின் உதவுமா?

டிரம்மைவிட அங்கேதான் சீக்கிரம் பலன் தெரியும். தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் மெம்பரேன் வழியே வரும் நீர் ஏறத்தாழ 3 சதவீதம் கூடும். வேலூர் மே மாத வெயிலில் தொட்டித் தண்ணீர் எப்படிச் சுடும் என்று உங்களுக்கே தெரியும். மெம்பரேன் அடைத்துக்கொண்டு வந்தாலும் மீட்டரில் ஓட்டம் குறையாது, எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். மார்கழியில் தண்ணீர் குளிர்ந்ததும் ஓட்டம் திடீரென்று விழும், நேற்றுதான் கெட்டது என்று நினைப்போம். ட்வின் ஒவ்வொரு அளவையும் 25 டிகிரிக்கு மாற்றிக் கணக்குப் போடும். அப்படிச் சரிசெய்த ஓட்டம் 10 சதவீதம் குறைந்தாலே கழுவிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் படிந்தது கெட்டிப்பட்டுவிடும், அப்புறம் எந்த ரசாயனத்துக்கும் அசையாது.

காட்பாடி, கல்லூரி மாணவர்: ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கிடைக்குமா?

கிடைக்காது தம்பி. ஒரு மோட்டாரின் ஆம்பியரை ஒரு வாரம் பதிவு செய்து கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.

அணைக்கட்டு: நெல் வயலுக்கு ட்வின் உண்டா?

என் துறை இல்லை. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

ஆற்காடு: எந்த சாஃப்ட்வேர் நல்லது?

வாலாஜாபேட்டைக்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். ப்ரோப், பஃபர், அப்புறம்தான் சாஃப்ட்வேர்.

பேரணாம்பட்டு: எங்கள் மேஸ்திரி தோலை வெட்டிப் பார்த்தே பிக்கிள் (குரோம் போடும் முன் தோலுக்குள் அமிலம் ஏற்றுவது) முடிந்ததா என்று சொல்லிவிடுவார். முப்பது வருஷக் கை. ட்வின் எதற்கு?

அண்ணே, அந்தக் கையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு டேனரியில் எருமைத் தோல் லாட். பிக்கிள் முடிந்தது என்று நான் போட்ட ட்வின் சொல்லிவிட்டது. மேஸ்திரி தோலின் கழுத்துப் பக்கம், தடிமனான இடத்தில், ஒரு துண்டு வெட்டி வெட்டு முகத்தில் புரோமோகிரசால் பச்சைச் சொட்டு விட்டார், அமிலம் ஏறிய இடத்தில் மஞ்சளும் ஏறாத இடத்தில் நீலமும் காட்டும் சாயம் அது. மேலும் கீழும் மஞ்சள். நடுவில் நூல் மாதிரி ஒரு நீலக் கோடு. அமிலம் அங்கே போய்ச் சேரவில்லை. ட்வினை நம்பி, தோலைப் பதனிடும் குரோம் உப்பைப் போட்டிருந்தால் அந்த லாட் கெட்டிருக்கும். ப்ரோபைக் கழற்றிப் பார்த்தேன், கண்ணாடி முனையில் கொழுப்பு படிந்திருந்தது. பஃபரில் முக்கிப் பார்க்காதது என் தப்பு.

ஆனால் ப்ரோப் சுத்தமாக இருந்திருந்தாலும் அதற்குத் தெரிவது தண்ணீரின் பிஎச்தான், தோலின் நடுப்பகுதி இல்லை. அதை ட்வின் கணக்கில்தான் பிடிக்க வேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால் அமிலம் நடுவுக்குப் போக ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் ஆகும். அந்தக் கணக்கு சரியா என்று சொல்ல மேஸ்திரியின் வெட்டை விட்டால் வேறு சாட்சி இல்லை.

வாணியம்பாடி: அண்ணன் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மேஸ்திரி ராத்திரி ஷிஃப்டில் இருப்பதில்லை. அவர் லீவு போட்டால் எங்கள் லாட் நிற்கிறது.

பாய், ட்வின் வேண்டும் என்று நான் சொல்வதும் இதனால்தான். ராத்திரி இரண்டு மணிக்கு 'இப்போது வெட்டிப் பாருங்கள்' என்று ஷிஃப்ட் ஆளை எழுப்ப ட்வினால் முடியும். வெட்ட ஆள் வேண்டும்.

பேரணாம்பட்டு: கடைசியில் மேஸ்திரி வேலைக்குத்தானே ஆபத்து?

அவரை வெளியே வைத்துப் போடுகிற ட்வினை நான் தொடமாட்டேன். ஒவ்வொரு வெட்டின் நேரமும், தடிமனும், நிறமும் அவர் சொல்லச் சொல்லப் பதிவாக வேண்டும். அந்தப் பதிவு இல்லாத ட்வின் குருடு.

குடியாத்தம்: ட்வினே அமிலத்தைத் திறந்துவிடுமாறு வைக்கலாமா?

வேண்டாம். தோலின் முடியை நீக்கப் போடும் சல்ஃபைடு கலந்த சுண்ணாம்பு நீரில் அமிலம் விழுந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும், ஆளைக் கொல்லும் வாயு. வால்வைத் திறப்பது மனிதக் கையாக இருக்கட்டும்.

திருப்பத்தூர்: சாஃப்ட்வேர் விலை எவ்வளவு வரும்?

மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன் ஐயா. முதலில் பஃபர் பாட்டில் வாங்குங்கள்.

பேரணாம்பட்டு அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பிக்கிள் ஏறும்போது மேஸ்திரியிடம் கேளுங்கள்: முதல் வெட்டு எத்தனையாவது மணி நேரத்தில், தோலின் எந்த இடத்தில்? இரண்டையும் எழுதி அனுப்புங்கள். என் கணக்கோடு வைத்துப் பார்க்கிறேன்.