பழைய கண்ணாடித் தீயணைப்பு உருண்டைகளை வீட்டில் சேகரித்து வைக்கலாமா?

தீயில் உடைந்து அதை அணைப்பதற்காகச் செய்யப்பட்ட, திரவம் நிரம்பிய பழைய கண்ணாடித் தீயணைப்பு உருண்டைகளைச் சேகரிக்கத் தொடங்கலாமா, அவற்றை வீட்டு அலமாரியில் காட்சிக்கு வைப்பதில் ஆபத்து உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேகரிக்கலாம். ஆனால் கண்ணாடியின் நிறத்தில் மயங்குவதற்கு முன், உள்ளே இருப்பது உப்புநீரா, கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நச்சுத் திரவமா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தகைய பொருள்களைச் சேகரித்து வரும் நான், எதையும் வாங்குவதற்கு முன் பார்ப்பது இதைத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை பெரும்பாலும் உப்புநீர்க் குப்பிகள். அமெரிக்காவில் 1871ஆம் ஆண்டுக் காப்புரிமைத் தேதியைத் தாங்கிய ஹேவர்ட் குப்பிகளும், 1880களில் பரவிய, நட்சத்திரம் பொறித்த ஹார்டன் குப்பிகளும் இவ்வகையில் பெயர் பெற்றவை. தீயின் அடிப்பகுதியில் ஓங்கி எறிந்தால் கண்ணாடி உடைந்து நீர் சிதறும். குளிர்காலத்தில் அந்த நீர் உறையாதிருக்கவே முக்கியமாக உப்பு சேர்த்தார்கள். (வீடே பற்றி எரியும்போது அரை லிட்டர் உப்புநீர் என்ன செய்திருக்கும் என்று கேட்காதீர்கள், விற்பனையாளர்களின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.) நீலம், பழுப்பு, பச்சை நிறங்களில் அச்சில் ஊதி வார்த்த கண்ணாடி, எழுத்துகளோ வரிகளோ புடைத்த உடல், தக்கையிட்டுப் பூசி அடைத்த வாய், அந்த வாயைச் சுற்றிச் சில சமயம் பூத்திருக்கும் உப்புப் படிகம் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். தக்கையைத் திறக்காமல், நேரடி வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும். மூல திரவமும் காகிதச் சீட்டும் குலையாமல் இருப்பதற்கே சேகரிப்பாளர்கள் கூடுதல் மதிப்புத் தருகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த ரெட் காமெட், ஷர்-ஸ்டாப் போன்றவை முற்றிலும் வேறு வகை. மின்விளக்குக் குமிழைப் போன்ற மெல்லிய, வழவழப்பான கண்ணாடி, உருக்கி மூடிய முனை, சுவரில் பொருத்தும் உலோகத் தாங்கி ஆகியவற்றைக் கண்டால் உள்ளே கார்பன் டெட்ராகுளோரைடு இருப்பதாகவே கொள்ளுங்கள். திரவத்தின் நிறத்தை நம்ப வேண்டாம்; சாயம் கலந்தும் விற்றிருக்கிறார்கள். இந்தத் திரவம் நீரைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு கனமானது. சுமார் 77 டிகிரி செல்சியசில் கொதிக்கும். மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் உடலுக்குள் சென்று கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மது அருந்துபவர்களுக்குப் பாதிப்பு இன்னும் கடுமையாகும். இனிப்பான மணம் உண்டு என்றாலும், மணம் தெரிவதற்குள் தீங்கான அளவு காற்றில் கலந்திருக்கக்கூடும். நெருப்பிலோ சூடான உலோகத்திலோ பட்டால் இதிலிருந்து பாஸ்ஜீன் உருவாகும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட நச்சுவாயு அதுவே. ஆகவே, அவசரத்திலும் இந்த உருண்டையைத் தீயில் எறியக் கூடாது.

தாங்கியிலும் கவனம் வேண்டும். தானியங்கி வகைகளில், வெப்பத்தில் உருகும் சிறு உலோக இணைப்பு ஒன்று சுத்தியையோ கூர்முனையையோ ஸ்பிரிங்கின் விசைக்கு எதிராகப் பிடித்து வைத்திருக்கும். பல பத்தாண்டுகள் கடந்த அந்த இணைப்பு லேசான அதிர்ச்சியிலேயே விட்டுப்போகலாம். எனவே முதலில் ஸ்பிரிங் நகராதபடி தடுத்துவிட்டு, அதன் பிறகே உருண்டையை வெளியே எடுக்க வேண்டும். திரவம் நிரம்பிய உருண்டையை உறிஞ்சுபொருள் இட்ட, இறுக மூடும் கலத்தில் வைத்து, ஆள் புழங்காத, குளிர்ச்சியான, காற்றோட்டமுள்ள வெளிக் கொட்டகையில் குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வைக்கலாம். வசிக்கும் அறையும் நிலவறையும் அதற்கு உகந்தவை அல்ல. இதன் ஆவி காற்றைவிட ஐந்து மடங்குக்கும் மேல் கனமானது என்பதால், தாழ்வான இடங்களில் தேங்கி நிற்கும்.

உடைந்துவிட்டால் துணியால் துடைக்க முனையாதீர்கள். அனைவரையும் வெளியேற்றி, போகிற வழியில் திறக்க முடிந்த சன்னல்களைத் திறந்துவிட்டு, தீயணைப்புத் துறையை அழைத்து இன்ன பொருள் கொட்டியிருக்கிறது என்று பெயரைச் சொல்லுங்கள். தோலில் பட்டிருந்தால் நனைந்த உடையைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவி, மருத்துவரைப் பாருங்கள்.

கார்பன் டெட்ராகுளோரைடு நச்சுப் பொருளாக வகைப்படுத்தப்பட்டிருப்பதால் சாதாரண அஞ்சலில் அனுப்பக் கூடாது. ஓசோன் படலத்தையும் அழிப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றுவதற்கு இடமே இல்லை. திரவத்தை நீங்களே வெளியேற்ற முயலாமல், அபாயக் கழிவு சேகரிக்கும் அமைப்பிடம் உருண்டையை அப்படியே ஒப்படையுங்கள். உருண்டை இல்லாத தாங்கிகளும், பழைய பெட்டிகளும், விளம்பரத் தாள்களும் தனியாகவே சந்தைக்கு வருகின்றன. இந்த வகையில் நான் வாங்குவது அவற்றை மட்டுமே.