அவருக்குத் தெரியாமல் மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. பல ஆண்டுகளாகக் குடிக்கிறார். கடந்த மூன்று ஆண்டுகளாகத் தினமும். குடித்துவிட்டுச் சத்தம் போடுவதோ அடிப்பதோ இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவார். "முழுவதுமாக விட என்னால் முடியாது, குறைத்துக்கொள்கிறேன்" என்று மாதம் ஒருமுறை சொல்கிறார். மருத்துவரிடம் வர மறுக்கிறார். உறவினர் ஒருவர் ஒரு மாத்திரையின் பெயரை எழுதிக் கொடுத்து, "பொடி செய்து சாப்பாட்டில் கலந்துவிடு, குடித்ததும் வாந்தி எடுப்பார், தானாக வெறுத்துவிடுவார்" என்கிறார். குடிப்பதற்கு முன் போட்டுக்கொள்கிற மாத்திரை ஒன்று இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். அது உண்மையா? எதைக் கொடுப்பது? சில நாள் காலையில் கை நடுக்கத்தால் அவரால் சட்டைப் பொத்தான்கூடப் போட முடிவதில்லை, மகள்தான் போட்டுவிடுகிறாள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது கடைசி வரியை. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எந்த மாத்திரை, எப்போது என்ற கேள்விக்கு விடை அந்தச் சட்டைப் பொத்தானைப் பொறுத்தே அமையும். நடுக்கத்தோடு வியர்வையும் குமட்டலும் படபடப்பும் இருக்கின்றனவா, ஒரு வாய் குடித்ததும் எல்லாம் அடங்கிவிடுகின்றனவா என்று கவனியுங்கள். ஆம் என்றால், அவருடைய உடல் மதுவுக்குப் பழகிவிட்டது. இரவு குடித்தது வடிந்ததும் காலையில் அது எதிர்ப்புக் காட்டுகிறது. இவற்றை விலகல் அறிகுறிகள் என்போம்.

இந்த நிலையில் இருப்பவரை "இன்றோடு விடு" என்று அறையில் பூட்டிவைப்பது ஆபத்து. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்குக் குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது, காய்ச்சல், கட்டுக்கடங்காத பதற்றம் வரை போகும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். மருத்துவக் கண்காணிப்பில் டயஸெபாம், குளோர்டயஸெபாக்சைடு போன்ற மருந்துகளைச் சில நாட்களுக்குக் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து, கூடவே தயாமின் என்கிற பி1 வைட்டமினும் கொடுத்தால் பெரும்பாலோர் இந்தக் கட்டத்தைப் பத்திரமாகக் கடந்துவிடுவார்கள். முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் மருத்துவமனையில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

இப்போது உறவினரின் யோசனைக்கு வருகிறேன். அவர் எழுதிக் கொடுத்த பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. விவரத்தைப் பார்த்தால் டைசல்ஃபிராம் என்றே தோன்றுகிறது. தயவுசெய்து அந்தச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள். மருந்து மோசமானது என்பதற்காகச் சொல்லவில்லை. மறைத்துக் கொடுத்தால் அது விஷத்துக்குச் சமம்.

மது உடலுக்குள் போனதும் அசெட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறும். அதை உடைத்து வெளியேற்ற ஒரு நொதி இருக்கிறது. டைசல்ஃபிராம் அந்த நொதியை முடக்கிவிடும். 1940களில் டென்மார்க்கில் ஜென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் குடற்புழு மருந்தாகப் பயன்படுத்த முடியுமா என்று ஆராய்ந்தபோது, தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு மது அருந்தியபோது உடம்பு பட்ட பாட்டிலிருந்துதான் இது குடிநோய்க்கான மருந்தானது. முகம் சிவந்து சூடேறும், தலை வெடிப்பதுபோல வலிக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் உள்ளவர்கள் இதிலிருந்து மீளாமலும் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு நீடிக்கும்.

தெரியாமல் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாந்தி வருகிறது. எதனால் என்று அவருக்குத் தெரியாது. "இந்தச் சரக்கு சரியில்லை" என்று நாளை வேறு ஒன்றை வாங்குவார். நெஞ்சு படபடக்கும்போது மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்பார்கள். அவரால் சொல்ல முடியாது, நீங்கள் சொல்லத் தயங்குவீர்கள். ஒருநாள் உண்மை வெளிவரும்போது, உங்கள் கையால் எதைச் சாப்பிடவும் அவர் யோசிப்பார். வெறுப்பு வரத்தான் போகிறது, ஆனால் அது மதுமீது வருமா உங்கள்மீது வருமா என்பதற்கு உறவினரிடம் உத்தரவாதம் கிடையாது.

இதே மருந்தை அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, தினமும் காலையில் உங்கள் கண் முன்னால் விழுங்குவதாக ஏற்பாடு செய்தால் நல்ல பலன் கிடைக்கிறது. முழுவதுமாக விட முடிவெடுத்தவர்களுக்கு அது ஒரு காவல். "இன்று குடிக்கலாமா" என்ற வாதமே மனதில் எழாது. ஆனால் குடிக்கும் வேட்கையை அது குறைப்பதில்லை. கல்லீரல் பரிசோதனை வேண்டும். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மது கலந்த இருமல் மருந்தைக்கூடத் தவிர்க்க வேண்டும். "குறைத்துக்கொள்கிறேன்" என்பவருக்கு இது மருந்தே அல்ல. டைசல்ஃபிராம் எடுத்துக்கொண்டு குறைவாகக் குடிப்பது என்று ஒன்று கிடையாது.

உங்களுக்கு அந்த வார்த்தைமீது நம்பிக்கை போய்விட்டது, புரிகிறது. மாதம் ஒருமுறை கேட்டால் யாருக்குத்தான் போகாது? ஆனாலும் நான் அதை வீண்பேச்சு என்று தள்ளமாட்டேன். முழு விலக்கு இல்லையென்றால் சிகிச்சையே இல்லை என்ற பிடிவாதத்தால் எத்தனையோ பேர் மருத்துவமனை வாசலைக்கூட மிதிக்காமல் போயிருக்கிறார்கள். அந்தப் பிடிவாதத்தில் எங்கள் துறைக்கும் பங்குண்டு.

நீங்கள் கேள்விப்பட்ட 'குடிப்பதற்கு முன் போடும் மாத்திரை' உண்மைதான். பெரும்பாலும் அது நால்ட்ரெக்சோனாக இருக்கும். குடிக்கும்போது மூளையில் எண்டார்ஃபின் என்ற பொருள் சுரந்து சில ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது; அந்த இதமான கிளர்ச்சிதான் "இன்னும் ஒன்று" என்று கேட்க வைக்கிறது. நால்ட்ரெக்சோன் அந்த ஏற்பிகளை முன்கூட்டியே அடைத்துவிடும். வாந்தி வராது, தண்டனை கிடையாது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், ஒலி மட்டும் குறைந்திருக்கும். முதல் கோப்பையோடு சலித்துப்போய் எழுந்துவிட்டேன் என்று சொல்பவர்கள் உண்டு. தள்ளாட்டம், நிதானமிழப்பு இவற்றையெல்லாம் இது தடுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். மாத்திரை போட்டிருக்கிறேன் என்று வண்டி ஓட்டக் கிளம்பிவிடக் கூடாது.

அமெரிக்காவில் 1994இல் இது குடிநோய்க்கு அனுமதி பெற்றது. வழக்கமான முறை தினமும் 50 மில்லிகிராம். மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. பின்லாந்தில் பணியாற்றிய ஜான் டேவிட் சின்க்ளேர் என்ற ஆய்வாளர் வேறு வழி சொன்னார்: குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும் போடுங்கள், குடிக்காத நாளில் வேண்டாம்; குடித்தும் இன்பம் கிடைக்காமல் போகப்போக மூளை அந்தப் பழக்கத்தை மெல்ல மறந்துவிடும் என்பது அவர் வாதம். அவர் சொன்ன அளவுக்கு எல்லாருக்கும் பலித்துவிடுவதில்லை. ஆனால் 'தேவைப்படும்போது மட்டும்' என்ற எண்ணம் மருத்துவத்துக்குள் வந்துவிட்டது. இதன் நெருங்கிய உறவான நால்மெஃபீன் மாத்திரைக்கு ஐரோப்பாவில் 2013இல் அனுமதி கிடைத்தது, அதுவும் குடியைக் குறைப்பதற்காகவே. குடித்துவிடுவோம் என்று தோன்றும் நாளில், ஓரிரு மணி நேரம் முன்பு ஒரு மாத்திரை.

அந்த அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது: உடல்ரீதியான விலகல் அறிகுறிகள் இல்லாதவர்களுக்கு மட்டும். உங்கள் கணவரின் கைநடுக்கம் விலகல் அறிகுறிதான் என்று உறுதியானால், குடிப்பதற்கு முன் மாத்திரை என்ற வழியை அவர் வீட்டில் தானாகத் தொடங்கக் கூடாது. முதலில் நடுக்கத்துக்குச் சிகிச்சை, பிறகே நால்ட்ரெக்சோனோ வேறொன்றோ. கல்லீரலிலோ கணையத்திலோ பாதிப்பு தெரிந்தால் 'குறைப்பது' என்ற இலக்கையே கைவிட வேண்டியிருக்கும். அதைப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் சொல்லட்டும்; நீங்கள் சொன்னால் அது சண்டையாகும்.

நால்ட்ரெக்சோன் எல்லாருக்கும் ஒத்துவராது. டிரமடால், கோடீன் போன்ற ஓபியாய்டு வகை வலி நிவாரணிகளை எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதைக் கொடுத்தால் கடுமையான விலகல் அறிகுறிகள் வரும். கல்லீரல் அழற்சி தீவிரமாக இருந்தாலோ கல்லீரல் செயலிழந்திருந்தாலோ கொடுக்கக் கூடாது. முதல் சில நாட்கள் குமட்டலும் தலைவலியும் இருக்கலாம். அறுவைசிகிச்சை வந்தால் மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஓபியாய்டு வலி நிவாரணி வேலை செய்யாது.

பலன் எவ்வளவு? 2023இல் 118 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நால்ட்ரெக்சோன் 11 பேருக்குக் கொடுத்தால், வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக ஒருவர் மட்டுமீறிய குடிக்குத் திரும்பாமல் காப்பாற்றப்படுகிறார் என்று தெரிந்தது. இது அற்புதம் அல்ல. ஆனால் மருத்துவத்தில் நாங்கள் நம்பிப் பயன்படுத்தும் பல மருந்துகளின் கணக்கு இதைவிடப் பெரிதல்ல. அதனால்தான் அதே ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் நால்ட்ரெக்சோனையும் அகாம்ப்ரோசேட்டையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இந்த அகாம்ப்ரோசேட், ஏற்கெனவே நிறுத்தியவர்கள் நிறுத்திய நிலையிலேயே இருக்க உதவுகிறது. தினமும் மூன்று வேளை, வேளைக்கு இரண்டு மாத்திரை என்பதால் பலர் சலித்து விட்டுவிடுகிறார்கள். கல்லீரலுக்குச் சுமை இல்லை, சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். பேக்லோஃபென், டோபிராமேட், கபாபென்டின் ஆகியவையும் சிலருக்குப் பயன்படுகின்றன. பேக்லோஃபென், கல்லீரல் சுருங்கிப்போனவர்களிடமும் ஆராயப்பட்டிருக்கிறது. எதுவானாலும் ஆறு மாதமாவது தொடர்வது நல்லது. இரண்டு வாரம் போட்டுவிட்டு "இதுவும் வேலை செய்யவில்லை" என்று தூக்கிப்போடுவதுதான் அதிகம் நடக்கிறது.

இனி, வரமாட்டேன் என்பவரை எப்படி அழைத்துப்போவது? குடிநோய் மருத்துவமனை என்று சொல்லாதீர்கள். கை நடுக்கத்தைக் காட்டி வரலாம் என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை, தினமும் அவரை வெட்கப்பட வைக்கிற விஷயம் அதுதான். பேசுவதற்குக் காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மாலையில் பேசியதெல்லாம் மறுநாள் அவருக்கு நினைவிருக்காது, உங்களுக்கு மட்டும் நினைவிருக்கும். "குறைத்துக்கொள்கிறேன் என்றீர்களே, அதற்கு மாத்திரை இருக்கிறதாம், கேட்டுவிட்டு வரலாம்" என்று அவருடைய சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'விடு' என்ற சொல்லை அந்தப் பேச்சில் நீங்கள் கொண்டுவரவே வேண்டாம்.

அப்படியும் வராவிட்டால் நீங்கள் மட்டும் மனநல மருத்துவரிடம் போங்கள். நோயாளி இல்லாமல் போனால் என்ன பயன் என்று நினைக்காதீர்கள். குடும்பத்தாருக்கு மட்டும் பயிற்சி கொடுத்து, அவர்கள் வழியாகக் குடிப்பவரைச் சிகிச்சைக்கு வரவைக்கும் முறைகள் இருக்கின்றன. வற்புறுத்தலையும் சண்டையையும்விட அவை நன்றாகவே வேலை செய்கின்றன. போகும்போது மூன்று தகவல்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: ஒரு வாரத்தில் எந்தெந்த நாள் எத்தனை மில்லி குடித்தார்; காலையில் நடுக்கம் எப்போது தொடங்கி எப்போது நிற்கிறது; வலிக்கோ தூக்கத்துக்கோ வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறந்துவிட்டு வருவார்கள்.

இதற்கிடையில் என்றாவது அவர் குடிக்காமல் இருந்து, வலிப்பு வந்தாலோ, நாள் கிழமை தெரியாமல் பேசினாலோ, இல்லாத ஆட்களைப் பார்ப்பதுபோல நடந்துகொண்டாலோ, எந்தப் பேச்சுக்கும் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுபோய்விடுங்கள். எத்தனை ஆண்டாக, எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்.