நாற்பது திருடர்கள்: காலி வரிசை கிடைத்தும் அடைபடுவது ஏன்?

அண்ணாச்சி, பாளையங்கோட்டை வீட்டுல பாய் விரிச்சு நாற்பது திருடர்கள்ங்கிற ஒத்தை ஆள் சீட்டாட்டத்தை ரெண்டு கட்டு, 104 சீட்டும் வச்சு ஆடுறதாவும், காலி வரிசையில ராஜாவை வச்சதும் ஆட்டம் அடைபடுதுன்னும் கேட்டிருக்கீங்க. தப்பு அந்த ராஜாதான். வரிசையில ஒரு சீட்டை அதே ரகத்துல ஒண்ணு கூடின சீட்டு மேலதான் வைக்கலாம்; அதனால ராஜாவை வரிசையில எந்தச் சீட்டு மேலயும் வைக்க முடியாது. அதே ரக ராணி ஏஸ் அடுக்குல (ஏஸ்ல தொடங்கி ராஜா வரை ஏத்துற அடுக்கு) ஏறுற வரை அந்த வரிசை பூட்டுனதுதான்.

காலி இடத்தைச் சீட்டு மாத்த வச்சுக்கோங்க. ஆர்ட்டின் 8 மேல ஆர்ட்டின் 7, பக்கத்துல ஆர்ட்டின் 9 கிடக்கா? 7-ஐ காலியில வைங்க, 8-ஐ 9 மேல வைங்க, பெறவு 7-ஐ எடுத்து 8 மேல. இடம் திரும்பக் காலி!

வரிசையில 40 போட்டது போக கையில மிஞ்சுற 64 சீட்டுக்கும் ஒரே சுத்துதான். கழிச்சுப் போட்டதுல கடைசியா விழுந்ததுதான் முதல்ல வரும். அதனால ஏஸ், ரெண்டு அடியில மாட்டியிருக்க வரிசையை முதல்ல உடைங்க. அது மேல அடுக்கவே அடுக்காதீங்க.